செம்பில் 2% வெள்ளீயம் சேர்த்தேன், எத்திலீன் போய் கார்பன் மோனாக்சைடு வருகிறது. டோபன்ட்டை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

செம்புத்துகள் எழுதியது:

வணக்கம். கார்பன் டை ஆக்சைடை மின்சாரம் கொண்டு எத்திலீனாக மாற்றும் ஆராய்ச்சியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது ஓர் இடத்தில் வசமாகச் சிக்கிக்கொண்டேன், விவரம் தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.

வெறும் செம்பு ஆக்சைடு நுண்துகளை (அளவு ஏறக்குறைய 20 நானோமீட்டர்) கார்பன் தாளில் பூசி, 0.1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட்டில், எச் வடிவக் கலத்தில், ஆர்எச்ஈ (ஹைட்ரஜன் மின்முனையை அடிப்படையாக வைத்த மின்னழுத்த அளவுகோல்) அளவில் மைனஸ் 0.95 வோல்ட்டில் ஓட்டினால் எத்திலீனுக்கு 28% ஃபாரடே திறன் (ஓடிய மின்சாரத்தில் அந்த விளைபொருளுக்குப் போன பங்கு) கிடைத்தது. அதை உயர்த்தத்தான் டோப்பிங் (வேறொரு தனிமத்தைச் சிறிதளவு கலப்பது; கலக்கும் தனிமம்தான் டோபன்ட்) பக்கம் போனேன். முதலில் டிஎஃப்டி கணக்கு, அதாவது அணுக்களின் ஆற்றலைக் கணினியில் குவாண்டம் முறையில் போடும் கணக்கு. செம்பின் (100) என்ற படிகப் பரப்பில் ஓர் அணுவை எடுத்துவிட்டு அங்கே வெள்ளீயத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு கார்பன் மோனாக்சைடுகள் ஒன்றோடொன்று இணையும் படி சுலபமாகிறது என்று வந்தது. சரி என்று செம்பு நைட்ரேட்டையும் வெள்ளீயக் குளோரைடையும் 98க்கு 2 என்ற அணு விகிதத்தில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு வீழ்படிவாக்கி, கழுவி, காற்றில் சூடாக்கி எடுத்தேன்.

நடந்தது அப்படியே தலைகீழ். எத்திலீன் 3%. கார்பன் மோனாக்சைடு 57%. ஹைட்ரஜன் 22%. கூட்டினால் 82% தான் வருகிறது, மீதி மின்சாரம் எங்கே போனது என்று தெரியவில்லை. இன்னொன்று, மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் ஹைட்ரஜன் மெல்ல மெல்ல ஏறி 35% வரை போய்விடுகிறது. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் அளவீடு) செம்பு ஆக்சைடின் கோடுகள் மட்டுமே தெரிகின்றன, வெள்ளீயத்துக்கென்று தனிக்கோடு இல்லை, அதனால் வெள்ளீயம் செம்புக்குள் ஒழுங்காகப் போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கணக்கு தப்பா, தயாரிப்பு தப்பா, அளந்ததே தப்பா? அப்புறம் பொதுவாக ஒரு டோபன்ட்டை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? கட்டுரைகளைப் படித்தால் ஆளுக்கொரு தனிமத்தைப் போட்டு எல்லோரும் வெற்றி பெற்ற மாதிரி இருக்கிறது.


வெண்கலம் எழுதியது:

நண்பரே, முதலில் ஒன்று: கார்பன் மோனாக்சைடு வந்தது உங்கள் தவறால் அல்ல. செம்பில் கொஞ்சம் வெள்ளீயம் போட்டால் வரவேண்டியதே அதுதான்.

1980களில் யோஷியோ ஹோரியின் குழு உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டிப் பார்த்து வகைபிரித்தது. தங்கம், வெள்ளி, துத்தநாகம் எல்லாம் கார்பன் மோனாக்சைடு தரும்; வெள்ளீயம், காரீயம், இண்டியம் ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் அயனி) தரும்; நிக்கல், இரும்பு, பிளாட்டினத்தில் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான். செம்பு மட்டும்தான் கணிசமாக மீத்தேன், எத்திலீன், ஆல்கஹால் வரை போகிறது. இதைப் படித்ததும் நம் மனம் உடனே ஒரு சராசரிக் கணக்குப் போடும், செம்போடு ஃபார்மேட் உலோகத்தைச் சேர்த்தால் பாதி செம்பு மாதிரியும் பாதி வெள்ளீயம் மாதிரியும் நடக்கும் என்று. அப்படி நடப்பதே இல்லை. 2017இல் செம்புத் துகள்மேல் வெள்ளீய ஆக்சைடை ஓடு மாதிரி போர்த்திப் பார்த்தார்கள். ஓட்டின் தடிமன் 0.8 நானோமீட்டராக இருந்தபோது 93% வரை கார்பன் மோனாக்சைடு, 1.8 நானோமீட்டர் ஆனதும் வெறும் வெள்ளீயம் போலவே ஃபார்மேட். ஒரே இரண்டு பொருள்கள்தான், ஒரு நானோமீட்டர் வித்தியாசத்தில் விளைபொருளே மாறிவிட்டது.

ஏன் என்றால், எத்திலீன் வர வேண்டுமானால் இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் பக்கத்துப் பக்கத்துச் செம்பு அணுக்களில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஓரளவு இறுக்கமாகவும் உட்கார வேண்டும். நடுவே வெள்ளீயம் வந்து உட்கார்ந்தால் அந்த அக்கம்பக்கம் உடைகிறது, மிச்சமிருக்கும் செம்பிலும் பிடிப்பு தளர்கிறது, மோனாக்சைடு அடுத்த படிக்கு நிற்காமல் வாயுவாகப் பறந்துவிடுகிறது. ஹைட்ரஜன் அணுவின் பிடிப்பும் கூடவே தளர்வதால் ஹைட்ரஜனும் குறைகிறது. உங்கள் முதல் மணி நேரத்து எண்கள் இதோடு நன்றாகப் பொருந்துகின்றன.

இப்போது அந்த 2%. இது துகள் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும் எண், வினை நடப்பதோ பரப்பில் மட்டும். ஒரு கணக்குப் போடுவோம். மின்சாரம் ஓடத் தொடங்கியதும் ஆக்சைடு செம்பாகிவிடும். அது 20 நானோமீட்டர் செம்பு உருண்டை என்று வையுங்கள். அதில் ஏறக்குறைய 3,56,000 அணுக்கள் இருக்கும். பரப்பில் மட்டும் ஏறக்குறைய 20,000, அதாவது நூற்றுக்கு ஐந்தரை, ஆறு. வெள்ளீயத்தின் அணு செம்பைவிடப் பெரியது, பரப்பாற்றலும் குறைவு, அதனால் உள்ளே இருக்க விரும்பாமல் வெளியே வரப் பார்க்கும். உங்கள் 2% முழுவதும் பரப்புக்கு வந்துவிட்டால் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம்! அதற்கு டோப்பிங் என்று பெயர் வைக்கவே முடியாது, கிட்டத்தட்ட மேலே பூசிய மாதிரிதான். எல்லாமே மேலே வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் 2% என்ற எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எக்ஸ்ஆர்டியில் கோடு இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு சதவீதம் அளவில் தனியாகப் பிரிந்து நின்றாலும் தெரியாது, படிகமாகாத வெள்ளீய ஆக்சைடு என்றால் இன்னும் தெரியாது. கோடுகள் இடம் பெயர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எனக்கு உங்கள் வீழ்படிவு முறையிலேயே சந்தேகம் இருக்கிறது. காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டீர்கள் என்றால், வெள்ளீயம் நல்ல அமில நிலையிலேயே ஹைட்ராக்சைடாகி விழுந்துவிடும், செம்பு பிஎச் 5, 6 பக்கம் வந்தபிறகுதான் விழத் தொடங்கும். அப்படியானால் முதலில் வெள்ளீயக் குருணை, அதன்மேல் செம்பு. இதைத் திருப்பிச் செய்யுங்கள்: உலோக உப்புக் கரைசலைச் சொட்டாக எடுத்து, பிஎச் 9 அளவில் நிறுத்தி வைத்த காரக் கரைசலில் விடுங்கள், பிஎச் இறங்கும்போது காரத்தையும் கூடவே விட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் விழும். காரம் ரொம்ப அதிகமானால் வெள்ளீயம் திரும்பக் கரைந்துவிடும், அதையும் கவனியுங்கள். குளோரைடு போகும்வரை கழுவினீர்களா? செம்பின் பரப்பைக் குளோரைடே தனியாக மாற்றிவிடும், பிறகு எது வெள்ளீயத்தின் வேலை, எது குளோரைடின் வேலை என்று பிரிக்க முடியாது.


மூன்றாம்கம்பி எழுதியது:

வெண்கலம் சொன்னதெல்லாம் சரி. ஆனால் காரணம் தேடும் முன்னால் அளவீட்டை நேராக்குங்கள், 82% என்பதை அப்படியே விட்டுவிட்டு எந்த விளக்கமும் தேட வேண்டாம்.

காணாமல் போன 18% பெரும்பாலும் திரவத்தில் இருக்கிறது. நீங்கள் வாயுவை மட்டும்தானே அளந்திருக்கிறீர்கள்? வெள்ளீயம் இருக்கும்போது ஃபார்மேட்டைத் தேடாமல் விடக்கூடாது. மின்பகுளியில் கொஞ்சம் எடுத்து, ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவு டிஎம்எஸ்ஓ சேர்த்து, நீரின் குறியை அமுக்கிப் புரோட்டான் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறுகளை இனங்காணும் அளவீடு) எடுங்கள். ஃபார்மேட் 8.4 பிபிஎம் பக்கம் ஒற்றைக் கோடாகத் தனியே நிற்கும், தவறவிடவே முடியாது.

அடுத்தது, ஏறிக்கொண்டே போகும் ஹைட்ரஜன். நேர்மின்முனையாக எதை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பிளாட்டினக் கம்பி என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். பிளாட்டினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, சவ்வைத் தாண்டி, உங்கள் எதிர்மின்முனையில் படியும். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், ஹைட்ரஜன் தயாரிப்பதில் அதைவிடச் சிறந்த உலோகம் இல்லை. அதைவிட்டால் மின்பகுளியில் உள்ள மாசு: விலை கூடிய பைகார்பனேட்டிலும் இரும்பு, துத்தநாகம் துளித்துளியாக இருக்கும், செம்பு மின்முனை நேரம் போகப்போகச் செத்துப்போவதற்கு இதைத்தான் ஹோரியே காரணமாகக் காட்டினார். கரைசலை முன்கூட்டியே வேறொரு மின்முனையால் மின்னாற்பகுத்தோ, உலோக அயனியைப் பிடிக்கும் பிசினில் ஊறவைத்தோ சுத்தம் செய்துவிட்டு ஓட்டுங்கள். கம்பியை எடுத்துவிட்டுக் கிராஃபைட் தண்டு வையுங்கள். ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதீர்கள், எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

ஆர்கான் ஓட்டத்தைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். எல்லாவற்றையும் அப்படியே வைத்து, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கானைக் குமிழியிட்டு, அதே மின்னழுத்தத்தில் அதே நேரம். நான் முதலாம் ஆண்டில் என்எம்ஆரில் 1.1 பிபிஎம் பக்கம் எத்தனாலின் மூன்று கோடுகளைப் பார்த்தேன், வெள்ளி கலந்த செம்பு அது, இரண்டு வாரம் அதே கோடுகள் திரும்பத் திரும்ப வந்தன, படமெல்லாம் வரைந்து முடித்துவிட்டேன். பிறகு ஆர்கானில் ஓட்டினால் அதே உயரத்தில் அதே கோடுகள். பூசும் மையில் கலந்திருந்த நாஃபியான் (துகளை ஒட்டவைக்கும் பாலிமர்) கரைசலின் ஆல்கஹால் அது, மின்முனையைச் சரியாக உலர்த்தாமல் கலத்தில் போட்டிருக்கிறேன். அந்த இரண்டு வாரத்து முடிவுகள் முழுவதையும் அழித்தேன். இன்றும் ஒவ்வொரு புதிய மின்முனைக்கும் ஆர்கான் ஓட்டம்தான் என் முதல் வேலை. வசதி இருந்தால் கார்பன்-13 கொண்ட கார்பன் டை ஆக்சைடையும் ஒரு தடவை ஓட்டுங்கள். ஃபார்மேட் உண்மையிலேயே வாயுவிலிருந்து வந்திருந்தால் அந்த ஒற்றைக் கோடு 195 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் கேள்வி கேட்க முடியாது.

கரைசலின் மின்தடையால் இழக்கும் மின்னழுத்தத்தைக் கணக்கில் திருத்தினீர்களா என்பதையும் எழுதுங்கள். 0.1 மோலாரில் அது சின்ன எண் இல்லை. வெறும் செம்பு, டோப் செய்தது இரண்டுக்கும் மின்னோட்டம் வேறு என்றால், ஒரே மின்னழுத்தத்தில் ஒப்பிடுகிறோம் என்று நீங்கள் நினைப்பது ஒரே மின்னழுத்தமாகவே இருக்காது.


அலைச்சார்பு எழுதியது:

கணக்குப் பக்கம் நான் சொல்கிறேன், என் முழுநேர வேலையே அதுதான். கேள்வி கேட்டவர் போட்ட கணக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன். கலத்தில் இல்லாத ஒரு பரப்புக்குப் போட்ட கணக்கு அது.

வழக்கமான மூன்றுக்கு மூன்று, நான்கு அடுக்குப் பலகைதானே போட்டிருப்பீர்கள்? அதில் மொத்தம் 36 அணு. ஒன்றை மாற்றினால் 2.8%, உங்கள் 2% கிட்டே இருக்கிறது என்று திருப்தியாக இருக்கும். ஆனால் பரப்பில் ஒன்பதில் ஒன்று, அதுவும் கச்சிதமான இடைவெளியில், பக்கத்தில் இன்னொரு வெள்ளீயம் வரவே வராது. நிஜத்தில் மூன்றில் ஒன்று வரை இருக்கலாம் என்று வெண்கலம் மேலே காட்டியிருக்கிறார். அப்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, மூன்று வெள்ளீயம் நிற்கும் பரப்பைத்தான் கணக்கிட வேண்டும்.

நான் எந்த டோபன்ட்டுக்கும் வினையைத் தொடுவதற்கு முன்பே மூன்று விஷயம் பார்ப்பேன். டோபன்ட் முதல் அடுக்கில் இருப்பதா மூன்றாம் அடுக்கில் இருப்பதா, எது ஆற்றலில் தாழ்வு. அதே கேள்வியை மேலே கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருக்கும்போதும் கேட்பேன், ஏனென்றால் வலுவாகப் பிடிக்கும் அணுவை மோனாக்சைடே மேலே இழுத்துவந்துவிடும், சுத்தமான பரப்பில் கிடைத்த விடை அங்கே செல்லாது. இரண்டாவது, இரண்டு டோபன்ட் அணு சேர்ந்து நிற்க விரும்புகிறதா, தள்ளி நிற்கவா. மூன்றாவது, ஓட்டும் மின்னழுத்தத்தில் அது உலோகமாக இருக்குமா, ஆக்சைடாகவா, கரைந்தே போய்விடுமா. வெள்ளீய ஆக்சைடு ஆர்எச்ஈ அளவில் மைனஸ் 0.1 வோல்ட் பக்கமே உலோகமாக வேண்டும் என்று வெப்ப இயக்கவியல் சொல்கிறது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த அளவீடுகளில் அதைவிட வெகு கீழேயும் ஆக்சைடு மிச்சம் நிற்பதாகத் தெரிகிறது. நீங்கள் வெளியே எடுத்துக் காற்றுப் பட்டபிறகு எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிரால் பரப்பில் உள்ள தனிமங்களை அளப்பது) பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது, காற்றே ஆக்சைடாக்கிவிடும்.

இந்த மூன்றையும் தாண்டினால்தான் வினைக்கு வருவேன். அங்கே ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. கார்பன் வழியாக ஒட்டும் இடைநிலைகள் எல்லாம், மோனாக்சைடானாலும் அதோடு ஒரு ஹைட்ரஜன் சேர்ந்து அடுத்து வரும் சிஎச்ஓ ஆனாலும், ஒன்றாகவே இறுகும், ஒன்றாகவே தளரும். ஒன்றை மட்டும் தனியாகச் சரிசெய்ய முடியாது. 2010இல் பீட்டர்சன், நார்ஸ்கோவ் குழு செம்பில் மோனாக்சைடு சிஎச்ஓவாக மாறும் படிதான் மின்னழுத்தத்தைத் தின்கிறது என்று காட்டியதிலிருந்து எல்லோரும் இந்தப் பிணைப்பை உடைக்கத்தான் பாடுபடுகிறோம். டோபன்ட்டின் உண்மையான மதிப்பு அங்கேதான் என்பது என் எண்ணம்: செம்பு கார்பனைப் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் பிரியமுள்ள ஓர் அணு அதே மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடிக்கிறது, அப்போது ஓர் இடைநிலை மட்டும் இறுகும், இன்னொன்று அசையாது. ஆனால் அதே ஆக்சிஜன் பிரியம் கொஞ்சம் கூடினால் கார்பன் டை ஆக்சைடே ஆக்சிஜன் பக்கமாக ஒட்டி ஃபார்மேட் வழியில் போய்விடும். வெள்ளீயம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் அளவைப் பொறுத்து இப்படி மாறி மாறி ஆடுகிறது.

டி பட்டை மையத்தை (உலோகத்தின் டி எலக்ட்ரான்களின் சராசரி ஆற்றலை) வைத்து வெள்ளீயத்தை விளக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வெள்ளீயத்தின் டி எலக்ட்ரான்கள் ஆற்றலில் வெகு ஆழத்தில் கிடக்கின்றன, அவை வினைக்கு வருவதில்லை. பக்கத்துச் செம்பின் டி பட்டை எப்படி நகர்ந்தது என்று பேசினால் அர்த்தம் உண்டு.

இன்னொன்றும் உண்டு. மோனாக்சைடு இரண்டு இணையும் படியில் புரோட்டான் சேர்வதில்லை, அதனால் வழக்கமான ஹைட்ரஜன் மின்முனை மாதிரிக் கணக்கில் மின்னழுத்தம் அங்கே நேரடியாக நுழையாது. பரப்பின் மின்புலமும் பக்கத்தில் நிற்கும் பொட்டாசியம் அயனியும்தான் அந்தப் படியைத் தாங்குகின்றன. 2021இல் கோப்பரின் குழு உலோக நேரயனியே இல்லாத கரைசலில் தங்கம், வெள்ளி, செம்பு மூன்றிலும் கார்பன் டை ஆக்சைடு ஒடுங்கவே இல்லை என்று காட்டியது. வெற்றிடத்தில் போட்ட உங்கள் கணக்கில் பொட்டாசியம் எங்கே? அதைச் சேர்த்து ஒரு தடவை போடுங்கள், தடை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.


செம்புத்துகள் எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், முடிந்தவரை எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

என்எம்ஆரில் ஃபார்மேட் இருக்கிறது, 13%. கூட்டினால் 95%, இப்போதுதான் மனசு நிம்மதியானது. ஆர்கானில் ஓட்டினால் அந்தக் கோடு இல்லை. நேர்மின்முனை பிளாட்டினம்தான். முதலில் அதை மட்டும் கிராஃபைட்டாக மாற்றினேன், மூன்று மணி நேரக் கடைசியில் ஹைட்ரஜன் 35%க்குப் பதில் 25%. பிறகு கரைசலையும் பிசினில் சுத்தம் செய்து ஓட்டினேன், 23%, கிட்டத்தட்ட தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. அதாவது பெரும்பகுதி பிளாட்டினத்தின் வேலைதான். மின்தடைத் திருத்தம் செய்யவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், இனிமேல் செய்வேன்.

வெள்ளீயம் எங்கே இருக்கிறது என்று எக்ஸ்பிஎஸ் எடுத்தேன். ஓட்டுவதற்கு முன்னாலேயே பரப்பில் செம்பு, வெள்ளீய விகிதம் 98க்கு 2 இல்லை, 81க்கு 19. எக்ஸ்பிஎஸ் சில நானோமீட்டர் ஆழம் வரை சேர்த்துப் பார்ப்பதால் மேலடுக்கில் இதைவிடவும் கூடுதலாக இருக்கலாம் என்று புரிகிறது. 20 நானோமீட்டர் துகளின் பரப்புக் கணக்கை நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், அந்த ஒரு கணக்கை எட்டு மாதத்துக்கு முன்னால் போட்டிருக்கலாம்.

இப்போது என் கேள்வி இதுதான். எனக்கு வேண்டியது எத்திலீன். வெள்ளீயத்தை 0.2%க்குக் குறைத்துப் பார்ப்பதா, இல்லை வேறு தனிமத்துக்குப் போவதா?


வெண்கலம் எழுதியது:

எத்திலீன்தான் குறி என்றால் வெள்ளீயத்தை விடுங்கள் என்பேன். குறைத்தால் தொல்லை குறையும், உதவி செய்யத் தொடங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் இந்தத் தரவைக் கார்பன் மோனாக்சைடு வினையூக்கியாகத் தனியாக எழுதுங்கள், அளந்த விதம் இப்போது நன்றாக இருக்கிறது, வீணாக்க வேண்டாம்.

எத்திலீனுக்கு வேண்டியது அக்கம்பக்கச் செம்பு அணுக்கள் உடையாமல் இருப்பது. அந்தக் கோணத்தில் பார்த்தால் போரான் எனக்குப் பிடிக்கும். சின்ன அணு, செம்பின் இடத்தைப் பிடிக்காமல் அடியில் போய் இருந்து, மேலே உள்ள செம்பிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரானை இழுத்துக்கொள்கிறது. 2018இல் இரண்டு கார்பன் விளைபொருள்களுக்கு ஏறக்குறைய 80% வரை காட்டினார்கள். அலுமினியம் இன்னொன்று, 2020இல் கணினிக் கற்றலால் தேடிப் பிடித்தது, சதுர சென்டிமீட்டருக்கு 400 மில்லி ஆம்பியரில் எத்திலீன் மட்டுமே 80%. ஆனால் அது வாயு ஊடுருவும் மின்முனையில், வலுவான காரக் கரைசலில். உங்கள் எச் கலத்தோடு அந்த எண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது, நீரில் கார்பன் டை ஆக்சைடு 33 மில்லி மோலார்தான் கரையும், சில பத்து மில்லி ஆம்பியரிலேயே வினைக்கு வாயு பற்றாமல் போய்விடும். காரத்தில் வேறொரு செலவும் இருக்கிறது. எத்திலீனுக்குள் போகும் ஒவ்வொரு இரண்டு கார்பன் டை ஆக்சைடுக்கும் 12 ஹைட்ராக்சைடு உண்டாகிறது, அது இன்னும் ஆறு கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கார்பனேட்டாக்கிவிடும், ஆக உள்ளே விட்ட வாயுவில் கால்பங்குக்கு மேல் எத்திலீனாக முடியாது. இதைச் சொல்லாமல் ஃபாரடே திறனை மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பாது.

வெள்ளி வேறு மாதிரி. செம்போடு கரையவே கரையாது, தனித்தனியாகத்தான் நிற்கும். வெள்ளியில் பிறந்த மோனாக்சைடு நகர்ந்து பக்கத்துச் செம்புக்குப் போய் அங்கே இணையும் என்று பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பரப்பிலேயே வெள்ளி கலந்தால் செம்பு அடுக்கு நெருக்கப்பட்டு ஹைட்ரஜன் குறைகிறது, எத்திலீனைவிட ஆக்சிஜன் உள்ள விளைபொருள்கள் கூடுகின்றன. உங்கள் குறிக்கு அது அரை உதவிதான்.

தனிமத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பதற்கு இன்னோர் உதாரணம்: காரீயமும் ஃபார்மேட் உலோகம்தான், வெள்ளீயத்துக்கு அண்ணன் மாதிரி. செம்பில் அதைத் தனித்தனி அணுவாகத் தூவினால், வெள்ளீயம் குறைவாக இருந்தபோது வந்த கார்பன் மோனாக்சைடு வராமல், 96% வரை ஃபார்மேட் என்று 2021இல் வந்தது. காரீயம் பக்கத்துச் செம்பை மாற்றுகிறது, வினையைச் செம்புதான் செய்கிறது என்பது அவர்கள் விளக்கம்.


மூன்றாம்கம்பி எழுதியது:

போரான் போவதாக இருந்தால் ஒன்று. போரான் கொண்ட ஒடுக்கும் உப்பை வைத்துத்தான் பெரும்பாலும் தயாரிப்பார்கள், அது செம்பைத் துகளாக்கும்போதே துகளின் அளவையும் வடிவத்தையும் மாற்றிவிடும். அதனால் பழைய செம்பு ஆக்சைடோடு ஒப்பிடாதீர்கள். போரான் இல்லாத வேறோர் ஒடுக்கியால் அதே அளவு துகளைச் செய்து, இரண்டின் மின் இரட்டை அடுக்குக் கொள்ளளவையும் அளந்து, நிஜப் பரப்பால் வகுத்த பிறகு எத்திலீன் மின்னோட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஓட்டி முடித்த மின்பகுளியையும் எடுத்து ஐசிபி-எம்எஸ் (கரைசலில் உள்ள தனிமங்களை நுண்ணளவில் அளப்பது) அளவீட்டுக்குக் கொடுத்து, போரான் எவ்வளவு கரைந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடிக் கலத்திலும் போரோசிலிக்கேட்டிலிருந்து போரான் கசியும், ஆகவே மின்சாரம் விடாமல் அதே நேரம் வைத்திருந்த கரைசலையும் கூடவே கொடுங்கள்.


செம்புத்துகள் எழுதியது:

கண்ணாடியிலிருந்தே போரான் வரும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. கலத்தை பிடிஎஃப்ஈயில் (டெஃப்லான்) கடைந்து தரக் கேட்டிருக்கிறேன், வந்ததும் முதல் ஓட்டம் ஆர்கானில்தான். எண்கள் கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன்.